வாப்பாவின் ஊருக்கு அடித்த கோல்

இந்த வருஷமும் அவன் கால்பந்துக் கழகம் மாறிவிட்டான். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்ததும் முதலில் அந்தச் செய்திதான் கண்ணில் பட்டது. தாடி நரைக்கத் தொடங்கிய வயதில், கழுத்தில் புதுக் கழகத்தின் சால்வையைப் போட்டுக்கொண்டு, புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளையைப் போலச் சிரித்தபடி நிற்கிறான். "உங்கட வெள்ளக்காரன் இப்ப எந்த ஊருல?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். "அந்த மனிசனுக்கு ஒரு எடத்துல இரிக்கத் தெரியாதா?" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் ஓர் இத்தாலிய ஸ்ட்ரைக்கர். பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது; இத்தாலியிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ. வடக்கே மலையோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே ஒரு பெரிய கழகத்தின் இளையோர் அணிக்குப் போனவன். அந்தப் பெரிய கழகம் அவனை வைத்துக்கொள்ளவுமில்லை, விடவுமில்லை. இரவல் கொடுத்தது. அடுத்த வீட்டுக்குச் சோற்றுப் பானையை இரவல் கொடுப்பதுபோல, ஒரு மனிதனை இந்த ஊருக்கு ஆறு மாதம், அந்த ஊருக்கு ஒரு வருஷம் என்று கொடுத்து வாங்கினார்கள். ஒருமுறை மேல் பிரிவில் அரைப் பருவம் ஆடினான். நாலைந்து நல்ல கோல் அடித்தான். பிறகு முழங்கால் போயிற்று. அதற்குப் பின் தெற்கே ஒரு துறைமுகப் பட்டினம், ஒரு தீவு, திரும்பவும் வடக்கு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு. அவன் ஆடிய கழகங்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது.

அவனை நான் முதன்முதல் பார்த்தது நான் பிறந்த ஊரான சாய்ந்தமருதில், ஒரு சலூனில். வெள்ளிக்கிழமைக்கு முன் முடி வெட்ட வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சுவரிலிருந்த டீவியில் ஏதோ பழைய ஆட்டத்தைத் திரும்பப் போட்டார்கள். அவன் ஓடவே இல்லை. "இவன் என்னடா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கான்" என்று சலூன்காரர்கூடச் சிரித்தார். பஸ் வந்தது. பந்து நேராக அவன் காலுக்கு வந்தது, தட்டிவிட்டான், கோல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் நானும் அதே ரகம். ஓடத் தெரியாது. கச்சான் காற்று முதுகில் தள்ளினாலும் ஓட மாட்டேன். ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று என் காலுக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கழகத்தில் பத்து வருஷம் அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் காலம் தள்ளினேன். அன்றிலிருந்து அவன் என் ஆள்.

எனக்கும் அவனுக்கும் இன்னொரு ஒற்றுமையும் வந்து சேரும் என்று அப்போது தெரியாது. இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் பெண் வீடு மாறுவதில்லை, ஆண்தான் மாறுகிறான். வீடு பெண்ணுக்குரியது. நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்குப் போகிறான், போனவன் அங்கேயேதான். பிறந்த வீடு அவனுடைய தங்கைக்கோ ராத்தாவுக்கோ போய்விடும், அங்கே வேறோர் ஊரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வந்து குடியேறுவான். அப்படித்தான் முப்பது வயதில் நான் சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூருக்குப் போனேன். நடுவில் இந்துக்களின் ஊரான காரைதீவு மட்டும்தான். மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம் ஆகாது. அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இன்றுவரை என்னால் கடந்து முடிக்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், பகல் சாப்பாட்டுக்குப் பெண் வீட்டார் எல்லாரும் கூடியிருந்தார்கள். மனைவியின் காக்கா, அதாவது என் மச்சான், நிந்தவூரில் ஒரு கழகத்தின் தலைவர், அதன் ஆட்டக்காரரும்கூட. சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வைத்த நேரத்தில் ஒரு பொலித்தீன் பையை என் கையில் தந்தார். உள்ளே அவர்கள் கழகத்தின் ஊதா நிற ஜேர்சி. முதுகில் ஒன்பதாம் இலக்கம்.

"மச்சான், இத ஒருக்காப் போட்டுப் பாருங்க. அளவு சரியா எண்டு பாப்பம்."

புது மாப்பிள்ளை எதற்கு மாட்டேன் என்று சொல்லுவான்? சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். ஆளாளுக்குச் சிரித்தார்கள், மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தா, யாரோ போனில் படம் எடுத்தான். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அந்தப் படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. எங்கள் பகுதியில் கழகம் மாறுவதற்குக் கடிதம், கையெழுத்து, கமிட்டி எல்லாம் பெயருக்குத்தான் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுச் சபையில் ஜேர்சியைப் போட்டால் முடிந்தது கதை. அது எனக்குத் தெரியாததா? தெரியும். வட்டிலப்பத்தின் இனிப்பில் மறந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கழகத்தின் கோல்காப்பாளன் என் பள்ளித் தோழன். அன்று அந்தி மஃரிபுக்குப் பிறகு போன் எடுத்தான்.

"என்னடா, மூணு நாளும் பொறுக்கேலாமப் போச்சா ஒனக்கு?"

"அளவு பாக்கத்தான்டா போட்டன்."

"அளவு சரியா?"

"சரிதான்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான். பிறகு ஒரு வருஷம் என்னோடு கதைக்கவில்லை.

கோபப்படாத ஒரே ஆள் வாப்பாதான். வாப்பா சாய்ந்தமருதில் முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரராக இருந்தவர். சைக்கிள்தான் அவருக்குக் கால். எந்த ஒழுங்கையில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் யார் சவூதியில், யார் கட்டாரில் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மாப்புள போன எடத்துக்குத்தான் வெளையாடணும். அதுதான் மொற" என்றார். என் ஆட்டங்கள் எதையும் அவர் விட்டதில்லை. நான் ஊர் மாறிய பிறகும் காரைதீவைத் தாண்டிச் சைக்கிளில் நிந்தவூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரைத் தவிர சாய்ந்தமருதில் என்னை எதிர்பார்த்து ஒருவரும் இல்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான். எனக்கு அந்த ஊர் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் என் பயம். தினமும் கல்முனையில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடைக்குச் சாய்ந்தமருதைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் பிறந்த ஊரைப் பிரயாணியாகத் தாண்டுகிறவனுக்கு மனம் எங்கே நிலைகொள்ளும்?

இரண்டு வருஷம் குலுக்கல் என்னைக் காப்பாற்றியது. இரண்டு ஊர்க் கழகமும் நேருக்கு நேர் மோதவில்லை. மூன்றாம் வருஷம் ஊர்களுக்கிடையிலான போட்டியின் அரையிறுதியில் மோதின. யாருக்கும் சாதகமில்லாமல் இருக்கட்டும் என்று ஆட்டத்தைக் காரைதீவில் வைத்தார்கள். நடுவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு வாத்தியார்.

ஆட்டத்துக்கு முந்தின கிழமை ஏழு நாளும் நான் அந்த இத்தாலியனின் வீடியோக்களைத்தான் பார்த்தேன். அவன் பழைய கழகங்களுக்கு எதிராகக் கோல் அடித்த வீடியோக்கள். இத்தனை கழகம் மாறியவனுக்கு எந்த வாரம் போனாலும் எதிரில் ஒரு பழைய கழகம்தானே. கோல் அடிப்பான், ஓட மாட்டான், கத்த மாட்டான். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பழைய ரசிகர்கள் பக்கம் பார்ப்பான். மன்னியுங்கள், என் வேலை இது, என்று அர்த்தம். அந்த ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அடடா, இதல்லவோ கண்ணியம் என்று நினைத்தேன். கடையில் முக்காலங்குலக் குழாய் கேட்டவருக்கு ஓரங்குலத்தைக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கிய கிழமை அது.

ஆட்டம் அஸருக்குப் பிறகு தொடங்கியது. கச்சான் காற்றில் புழுதி கண்ணுக்குள் வந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் எண்பது நிமிஷம் போயிற்று. சாய்ந்தமருதுக்காரர்கள் ஒரு பக்கக் கோட்டில், நிந்தவூர்க்காரர்கள் மறுபக்கக் கோட்டில், ஊர்க்காரர்கள் என்ற முறையில் காரைதீவு ஆட்கள் எல்லா இடத்திலும். பெனல்டிக்குப் போகட்டும், பெனல்டி அடிக்க என்னைக் கூப்பிட்டால் கால் வலி என்று சொல்லிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையாகவே எனக்குக் கோல் வேண்டாம். அப்போது பார்த்து மச்சான் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். என் தோழன் பாய்ந்து பிடித்தான். பிடித்தது நழுவியது. எங்கே விழும் என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லித்தான் கால் போயிற்றா என்றால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு உருண்டு உள்ளே போயிற்று. என் வாழ்நாளில் அடித்த கோல்களிலேயே அவலட்சணமானது அது.

நிந்தவூர்ப் பக்கம் ஊரே வெடித்தது. நான் ஓடவில்லை. சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பி, என் ஆள் செய்வதுபோலவே, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இத்தாலியில் அதற்குக் கைதட்டுவார்கள். இங்கே என்ன நடந்தது என்றால், காரைதீவு ஆட்கள் "தம்பி எங்களுக்கு வணக்கம் சொல்றாரு" என்று சந்தோஷமாகக் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் திருப்பிக் கும்பிட்டார். சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்து "கும்புடுறான்டா! முஸ்லிமாப் பொறந்திட்டுக் கும்புடுறான் பாருங்க!" என்று ஒருவன் கத்த, இன்னொருவன் "அடிச்சிப்போட்டு நடிக்கிறான்" என்று கத்தினான். என் மச்சான் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன மச்சான், ஆரிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க? நாங்க என்ன களவா எடுத்த?" நடுவர் வாத்தியார் கிட்டே வந்து, "நெஞ்சு நோகுதா தம்பி?" என்று கேட்டார். ஓம், நோகுது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று ஊரையும் ஒரே நேரத்தில் குழப்பிய ஆள் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. அதோடு தொலைந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டு வாப்பாவைத் தேடினேன். மைதானத்து வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சுற்றி எங்கள் ஊர்ப் பொடியன்கள் நாலைந்து பேர். தோற்ற கோபம். என்மேல் காட்ட வேண்டியதை அவர்மேல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய்ச் சேரும்போது அவர்களில் ஒருவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஒங்களுக்கென்ன, நீங்களும் மருதமுனையிலிரிந்து வந்த மாப்புளதானே. வந்தவங்களுக்கு ஊர்ப் பாசம் எங்கால வரும்?"

வாப்பா மருதமுனையில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும்தான். பெருநாளுக்குப் பெருநாள் அங்கே அவருடைய ஆட்களைப் பார்க்கப் போயிருக்கிறோம். ஆனால் அவர் 'வந்தவர்' என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார். நாற்பது வருஷம். அப்படிச் சொன்னவனின் வாப்பா சவூதியிலிருந்து எழுதிய கடிதங்களை, மழை வெள்ளத்திலும் சேர்ட்டுக்குள் வைத்து நனையாமல் அவன் உம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான். வாப்பா அவனை ஒருமுறை பார்த்தார். சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் அந்த ஊதா ஜேர்சியோடு வீதியோரத்தில் நின்றேன், என் கையால் அவரைத் தள்ளி விழுத்தியதுபோல இருந்தது.

பிறகு வந்த நாட்களில் தங்கச்சி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாப்பா பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் போகிறார். மற்ற வக்துத் தொழுகையெல்லாம் வீட்டில்தான். பின்னேரம் தேநீர்க் கடைக்குப் போவதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், இவரே போவதில்லையாம். நான் தினமும் இரண்டு தரம் அந்த ஊரைத் தாண்டினேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் கை தானாக பிரேக்கைப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். என்ன முகத்தோடு போவது?

அந்த நாட்களில் இத்தாலியன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் அந்தக் குளிர்காலத்திலும் கழகம் மாறி, அடுத்த மாதமே பழைய கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்து, அதே கைகளைச் சேர்த்து, அதே கைதட்டலை வாங்கினான். உனக்கு லேசுதான்டா என்று போனைப் பார்த்துச் சொன்னேன். நீ மாறும்போது உன் வாப்பாவை அந்த ஊருக்குள் விட்டுவிட்டா மாறுகிறாய்? ஆட்டம் முடிந்தால் நீ பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாய். என் வாப்பா அவர்களோடு தேநீர் குடிக்க வேண்டுமே.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் தோழனிடம் போனேன். பந்தை நழுவவிட்டவனும் அடித்தவனும் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். பிறகு சொன்னேன்: "நான் திரும்பி வாறன்டா. அடுத்த வருசம் நம்மட கழகத்துக்கே ஆடுறன்." அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மச்சினன் விடுவாரா?" என்றான். "நான் பாத்துக்கிறன்." "அப்ப வாடா. ஒன்பதாம் இலக்கம் இன்னும் ஆருக்கும் குடுக்கல்ல" என்றான். அழுகை வந்துவிட்டது எனக்கு. வெட்கமில்லாமல் அவன் முன்னாலேயே அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பிறந்த வீட்டுக்குப் போனேன். உம்மா சோறு போட்டா. தங்கச்சியின் மாப்பிள்ளை, ஒலுவிலிலிருந்து வந்த அமைதியான மனிதர், ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். வாப்பாவும் மகனும் கதைக்கட்டும் என்று. வாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன்.

"ஆரு ஒனக்கு இந்தப் புத்தி சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல வாப்பா. என்னாலதானே ஒங்களுக்கு..."

"எனக்கு என்ன? எனக்கு ஒண்டுமில்ல." எழுந்து உட்கார்ந்தார். "நீ திரும்பி வந்தா அவனுகள் கைதட்டுவானுகள். ஒரு வருசம். பொறகு ஒரு கோல் பிழச்சா, நிந்தவூரான் வேணுமெண்டு விட்டுட்டான் எண்டுவானுகள். இங்கேயும் வந்தவன், அங்கேயும் போனவன். அப்பிடி இரிக்கப் போறியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"ஆம்புள ஒருக்காத்தான் ஊர் மாறலாம் மனே. ரெண்டாந்தரம் மாறினா, அவன் மௌத்தானா எங்க அடக்குற எண்டு ஆருக்கும் தெரியாமப் போயிரும்." பிறகு சொன்னார்: "அந்தப் பொடியன் சொன்னது ஒண்டும் எனக்குக் கோவமில்ல. ஆனா ஒண்டு. என்னய இங்கதான் அடக்கணும். நாளைக்கு ஆராவது, இவரு மருதமுனையாரு, அங்க கொண்டுபோங்க எண்டு சொன்னா, நீ வந்து நிண்டு கதைக்கணும். வருவியா?"

"வருவன் வாப்பா" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் ஊருக்குக் கடிதம் கொண்டுபோன மனிதர், அந்த ஊர் மண்ணில் ஆறடி கிடைக்குமா என்று என்னிடம் உறுதி கேட்கிறார். ஒரு கோலுக்கு இவ்வளவு பாரமா? அந்தக் கோலைத் திருப்பி எடுக்க முடியுமென்றால் என் இரண்டு காலையும் கொடுத்திருப்பேன்.

புறப்படும்போது அவரே வாசல்வரை வந்தார். "போ மனே. போய் அங்கேயே வெளையாடு. இங்க வரவேணாம்" என்றார்.

நிந்தவூருக்கு வந்து சேர்ந்தபோது மனைவி குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்திய கையோடு, சட்டையும் மாற்றாமல், அவள் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"நான் மௌத்தானா என்ன எங்க அடக்குவீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"இங்கதான். வேறெங்க?" என்றாள், இறாலை விடாமல். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏன், உங்கள ஆரும் திருப்பிக் கேக்கப் போறாங்களா?" என்றாள்.

கேட்க ஒருவர் இருந்தார். அவர்தான் அன்று பகல் என்னை வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தார்.